காற்றைக் கட்டிய பாகு

மார்ஷ்மெல்லோ துண்டு ஒன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நெருக்கியடித்த குமிழிகள் தெரியும். அந்தத் துண்டின் பருமனில் பாதிக்கும் மேல் வெறும் காற்று. சூடான பாலில் போட்டால் அது மூழ்காமல் மிதப்பதற்கும், விரலால் அழுத்திவிட்டால் பழைய வடிவத்துக்கே எழும்பி வருவதற்கும் அந்தக் காற்றுதான் காரணம். மீதி இருப்பது சர்க்கரை, நீர், கொஞ்சம் ஜெலட்டின். இவ்வளவு எளிய பொருள்களைக் கொண்டு காற்றைப் பிடித்து வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கிறார்களே, அது எப்படி என்பது எனக்கு அந்த மிட்டாயின் சுவையைவிடப் பெரிய ஈர்ப்பு. அதைப் புரிந்துகொண்டால் வீட்டிலேயே செய்யலாம். எந்தப் பொருளை விடலாம், எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்பதும் தானாகத் தெளியும்.

நுரை எதுவும் நிலைத்து நிற்பதில்லை. குமிழிகளுக்கு இடையில் இருக்கும் நீர் புவியீர்ப்பால் கீழே வடிகிறது. சுவர் மெலிந்து குமிழி உடைகிறது. இன்னொரு பக்கம், சிறிய குமிழியின் உள்ளே அழுத்தம் அதிகம், பெரிய குமிழியில் குறைவு. அதனால் சிறியதிலிருந்து காற்று மெல்லக் கசிந்து பெரியதற்குள் போகிறது. சிறியவை மறைந்து பெரியவை இன்னும் பெரிதாகி, கடைசியில் நுரையே இல்லாமல் போகிறது. டிகாஷன் காபியின் மேல் நுரை சில நிமிடங்களில் அடங்குவதைத் தினமும் பார்க்கிறோம். இதைத் தடுக்க மூன்று வேலைகள் நடக்க வேண்டும். குமிழியின் மேல் ஏதாவது ஒன்று தோலாகப் படிய வேண்டும். இடையில் இருக்கும் திரவம் வடியாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அந்தத் திரவமே உறைந்து குமிழிகளை இருந்த இடத்தில் பூட்டிவிட வேண்டும். மார்ஷ்மெல்லோவின் வரலாறு முழுவதும் இந்த மூன்று வேலைக்கும் ஆள் தேடிய கதைதான்.

முதலில் அந்த வேலைக்கு வந்தது ஒரு செடி. ஐரோப்பாவின் உப்பங்கழிச் சதுப்புகளில் வளரும் ஆல்தியா அஃபிசினாலிஸ் என்ற செடி. அதன் பெயர்தான் மிட்டாய்க்கும் வந்தது. வெண்டை, துத்தி, செம்பருத்தி, பூவரசு, பருத்தி எல்லாம் சேர்ந்த மால்வேசி குடும்பத்தைச் சேர்ந்தது அது. அந்தக் குடும்பத்தின் குணம் நமக்கு நன்றாகத் தெரியும். வெண்டைக்காயை நறுக்கும்போது விரலில் ஒட்டும் கொழகொழப்பும், செம்பருத்தி இலையை நீரில் கசக்கினால் வரும் வழவழப்பும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளான பாலிசாக்கரைடுகளால் வருபவை. ஆல்தியாவின் வேரில் அந்தக் கொழகொழப்பு மிக அதிகம். தொண்டைப்புண்ணுக்கும் வறட்டு இருமலுக்கும் வேரை ஊறவைத்த நீரைக் கொடுத்தார்கள். தொண்டையின் உட்புறத்தில் படலமாகப் படிந்து எரிச்சலைத் தணித்தது. யுனானி மருத்துவர்கள் இன்றும் கத்மி என்ற பெயரில் இதன் வேரையும் விதையையும் பயன்படுத்துகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மிட்டாய்க்காரர்கள் இந்த வேர்ச்சாற்றோடு சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கையால் அடித்தார்கள். வேரின் கொழகொழப்பு பாகைக் கெட்டியாக்கியது, முட்டையின் புரதம் குமிழிக்குத் தோலானது. மருந்தாக இருந்தது தின்பண்டமாயிற்று. ஆனால் வேரைத் தோண்டி, காயவைத்து, ஊறப்போட்டு, சாறெடுத்து முடிக்க நாள்கள் ஆகும். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வேரின் இடத்தை வேலம்பிசினும் ஜெலட்டினும் பிடித்துக்கொண்டன. பெயரில் மட்டும் செடி மிஞ்சியது. 1950களில் அமெரிக்காவில் அலெக்ஸ் டூமாக் என்பவர், நுரைத்த பாகைக் குழாய் வழியே கயிறாகப் பிழிந்து துண்டு போடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடையில் கிடைக்கும் உருளை வடிவம் அந்தக் குழாய் தந்தது.

தொழிற்சாலைப் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்தால் பட்டியல் நீளமாக இருக்கும். கார்ன் சிரப், சர்க்கரை, டெக்ஸ்ட்ரோஸ், மாற்றியமைக்கப்பட்ட சோள ஸ்டார்ச், நீர், ஜெலட்டின், டெட்ராசோடியம் பைரோபாஸ்பேட், செயற்கை மணம், சில வகைகளில் நீலச் சாயம். இதைப் பார்த்து அஞ்சத் தேவையில்லை. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காகத்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது, அந்த வேலை யாருக்குத் தேவை என்று கேட்டுப் பார்ப்பதுதான் பயன் தரும். கார்ன் சிரப் பாகைப் பூத்துப்போகாமல் காக்கிறது. அது நமக்கும் தேவை, ஆனால் வேறு பொருள் கொண்டும் அதைச் செய்யலாம். பைரோபாஸ்பேட், நுரை சீக்கிரம் எழும்ப உதவும். இயந்திரம் நிற்காமல் ஓடும் இடத்தில் அது பெரிய லாபம். சமையலறையில் இரண்டு நிமிடம் கூடுதலாக அடித்தால் போதும்.

நீலச் சாயத்தின் வேலையைத் தமிழ் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளை வேட்டியை அலசும் கடைசி நீரில் சொட்டு நீலம் விடுவது எதற்கோ அதற்கேதான். பழுப்பேறும் வெள்ளையின் மஞ்சள் சாயலை நீலம் அடக்கி, கண்ணுக்குப் பளிச்சென்று காட்டுகிறது. மாதக்கணக்கில் கடை அலமாரியில் இருக்க வேண்டிய பண்டத்துக்கு அது தேவைப்படலாம். நாளை மறுநாள் தின்று முடிக்கப்போகும் பண்டத்துக்கு எதற்கு? இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது நான்கே பொருள்: சர்க்கரை, தேன், நீர், ஜெலட்டின். ஒரு சிட்டிகை உப்பையும் கொஞ்சம் வெனிலாவையும் சுவைக்காகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த நான்கில் ஜெலட்டின்தான் நாயகன். விலங்குகளின் தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு வலுவைத் தரும் புரதம் கொலாஜன். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட முப்புரி அது. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றில் ஒன்று கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம். அது சிறியதாக இருப்பதால்தான் மூன்றும் அவ்வளவு நெருங்கி முறுக்கிக்கொள்ள முடிகிறது. தோலையும் எலும்பையும் அமிலத்திலோ காரத்திலோ ஊறவைத்து வெந்நீரில் காய்ச்சும்போது முறுக்கு அவிழ்ந்து சங்கிலிகள் தனித்தனியாகப் பிரிகின்றன. அப்படிப் பிரிந்ததுதான் ஜெலட்டின். ஆட்டுக்கால் பாயாவை ஆறவிட்டால் ஏடு கட்டி உறைவது இதே பொருளால்தான். ஆறும்போது சங்கிலிகள் பழைய முறுக்கைத் தேடி அங்கங்கே பாதிப் பாதியாகப் பின்னிக்கொள்கின்றன. ஒரே சங்கிலியின் வேறு வேறு பகுதிகள் வேறு வேறு கூட்டாளிகளோடு பின்னுவதால் பெரிய வலை உருவாகிறது. அதன் கண்களுக்குள் நீர் சிக்கிக்கொள்கிறது.

அந்தப் பின்னல் மிக மென்மையானது. உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழேயே அவிழ்ந்துவிடும். மார்ஷ்மெல்லோவை வாயில் போட்டதும் மெல்லாமலேயே கரைந்து இறங்கும் சுகம் முழுக்க இந்த ஒரு குணத்தில் இருக்கிறது. நாக்கின் சூடே பூட்டைத் திறந்துவிடுகிறது. மாவுச்சத்தோ பெக்டினோ இப்படி வாயில் உருகுவதில்லை. இன்னொரு வசதி, ஜெலட்டின் சங்கிலிகளில் நீரை விரும்பும் பகுதியும் நீரை விரும்பாத பகுதியும் கலந்திருப்பதால், அடிக்கும்போது அவை குமிழியின் மேற்பரப்பில் போய்ப் படிகின்றன. ஆக, தோலாவதும் அதுவே, உறைவதும் அதுவே. முன்பு வேரும் முட்டையும் சேர்ந்து செய்ததை ஒரே பொருள் செய்துமுடிக்கிறது.

ஜெலட்டின் எல்லாம் ஒரே வலுவில் கிடைப்பதில்லை. ஆஸ்கர் புளூம் என்ற அமெரிக்கர் 1925இல் காப்புரிமை பெற்ற கருவியின் முறைப்படியே அதன் உறுதியை இன்றும் அளக்கிறார்கள். உறைந்த ஜெலட்டினின் மேல் ஒரு சிறு உருளையை வைத்து 4 மில்லிமீட்டர் அமிழ்த்த எத்தனை கிராம் எடை வேண்டுமோ அதுவே அதன் புளூம் எண். பொட்டலத்தில் 200க்கு மேல் எண் போட்டிருந்தால் மார்ஷ்மெல்லோவுக்கு நல்லது. எண் குறைவு என்றால் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்பதையும் பொட்டலத்தில் பார்த்து வாங்குவது நல்லது. மாடு, பன்றி, மீன் என்று மூன்றிலிருந்தும் கிடைக்கிறது, எதுவானாலும் அசைவம். இதைச் சொல்லாமல் சைவ விருந்தினருக்குக் கொடுப்பது பெரிய தவறு.

ஜெலட்டின் தூளை நேராகச் சூடான நீரில் கொட்டக்கூடாது. மேற்பரப்பு உடனே பசையாகி, உள்ளே உலர்ந்த தூள் சிக்கிக் கட்டி கட்டியாகிவிடும். குளிர்ந்த நீரில் தூவிப் பத்து நிமிடம் விட்டால் ஒவ்வொரு துகளும் தன் எடையைப் போலப் பலமடங்கு நீரை இழுத்துக்கொண்டு ஊதும். பிறகு சூடு பட்டவுடன் முழுவதும் கரையும். கரைந்த ஜெலட்டினைக் கொதிக்கவிடவும் கூடாது. நீடித்த கொதியில் சங்கிலிகள் துண்டு துண்டாகி, உறையும் வலுவை இழந்துவிடும்.

அடுத்தது பாகு. இங்கே நம் வீட்டுப் பெரியவர்களின் அறிவு அப்படியே கைகொடுக்கிறது. சர்க்கரை நீரைக் காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகிறது, கரைசல் அடர்த்தியாகிறது. அடர்த்தி கூடக் கூடக் கொதிநிலையும் ஏறுகிறது. ஆகவே பாகின் வெப்பத்தை அளப்பது அதில் எவ்வளவு நீர் மிச்சமிருக்கிறது என்பதை அளப்பதற்குச் சமம். 115 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 85 விழுக்காடு சர்க்கரை. ஒரு சொட்டை எடுத்துக் கிண்ணத்து நீரில் விட்டு விரலால் திரட்டினால் மென்மையான உருண்டையாகும். அதிரசத்துக்கு எடுக்கும் உருட்டுப் பதம் இதற்கு மிக அருகில். கம்பிப் பதத்தில் இறக்கினால் நீர் அதிகம், மிட்டாய் தொளதொளவென்று ஆகும். பொரி உருண்டைக்கு எடுப்பது போல, தட்டில் போட்டால் கிண்ணென்று ஒலிக்கும் பாகு வரை விட்டால் ரப்பர்தான் கிடைக்கும். வெப்பமானி இருந்தால் வசதி. இல்லையென்றாலும் தண்ணீர்க் கிண்ணமும் விரலும் போதும். அந்தச் சோதனையை நான் முழுமையாக நம்புகிறேன், ஏனென்றால் அது அளப்பது நமக்குத் தேவையானதையேதான்.

மலைமேல் இருப்பவர்கள் மட்டும் வெப்பமானியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக்கூடாது. ஊட்டியில் நீரே ஏறத்தாழ 93 டிகிரியில் கொதித்துவிடும். அங்கே 115 வரை காத்திருந்தால் பாகு முறுகிவிடும். 108இல் இறக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணச் சோதனைக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை.

பாகு காய்ச்சுவதில் பெரிய எதிரி, அது மறுபடி சர்க்கரையாகப் பூத்துப்போவது. சுக்ரோஸ் மூலக்கூறுகள் ஒரே அச்சில் வார்த்தவை; கொஞ்சம் இடம் கொடுத்தாலும் வரிசையாக அடுக்கிப் படிகமாகிவிடும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய ஒரு சர்க்கரைத் துகள் விழுந்தாலும் போதும், அதைப் பிடித்துக்கொண்டு முழுப் பாகும் மணல் மணலாகும். அதனால் கொதிக்க ஆரம்பித்த பிறகு கரண்டியால் கிளறக்கூடாது. ஓரங்களை ஈரத் தூரிகையால் துடைத்துவிட வேண்டும். அதைவிட நல்ல காப்பு, வேறு வடிவமுள்ள சர்க்கரையைக் கலப்பது. தேனில் சுமார் 38 விழுக்காடு ஃபிரக்டோஸ், 31 விழுக்காடு குளுக்கோஸ். இவை நடுவில் புகுந்து சுக்ரோஸின் வரிசையைக் கலைக்கின்றன. கார்ன் சிரப் செய்யும் அதே வேலை. குலாப் ஜாமூன் பாகில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடும் பழக்கத்துக்கும் இதுதான் காரணம். அமிலம் சுக்ரோஸின் ஒரு பகுதியை உடைத்துக் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக ஆக்குகிறது. வெல்லத்தில் இந்த உடைந்த சர்க்கரைகள் ஏற்கெனவே ஓரளவு இருக்கின்றன. ஆகவே வெல்லப்பாகை வடிகட்டி அதிலும் செய்யலாம். நிறம் பழுப்பாகவும் மணம் கனமாகவும் இருக்கும்.

இனி அளவு. 18 கிராம் ஜெலட்டின் தூள், அதாவது தலைதட்டிய இரண்டு மேசைக்கரண்டி, 80 மில்லி குளிர்ந்த நீரில் ஊறட்டும். கனமான பாத்திரத்தில் 300 கிராம் சர்க்கரை, 100 கிராம் தேன், 100 மில்லி நீர், ஒரு சிட்டிகை உப்பு. தேன் பொங்கி எழும்பும், பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும். 115 டிகிரி வந்ததும் இறக்கி, ஒரு நிமிடம் கழித்து, ஊறிய ஜெலட்டின் இருக்கும் கிண்ணத்தில் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே மின்சார பீட்டரை ஓட விடுங்கள். இந்த நேரத்தில் குழந்தைகள் அருகில் இருக்கக்கூடாது. கொதிநீர் பட்டால் வழிந்துவிடும். பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். முதலில் மெதுவாக, பிறகு முழு வேகத்தில், எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம் அடிக்க வேண்டும்.

அந்தப் பத்து நிமிடத்தில் நடப்பது பார்க்கத் தகுந்தது. முதலில் தேன் நிறத்தில் கண்ணாடி போலத் தெளிவாக இருந்த பாகு மங்குகிறது, பிறகு வெளுக்கிறது. வெண்மைக்குக் காரணம் எந்தச் சாயமும் இல்லை. கம்பிகள் இழுத்துவிட்ட பெரிய குமிழிகளை அதே கம்பிகள் மறுபடி மறுபடி கிழித்து நுணுக்குகின்றன. நுணுங்கிய ஒவ்வொரு குமிழியின் பரப்பும் ஒளியைச் சிதறடிக்கிறது. எல்லா நிறமும் ஒன்றாகச் சிதறுவதால் வெள்ளை. கூடவே பாகு ஆறிக்கொண்டு வருகிறது. சூடாக இருக்கும்போது அது இளகியிருப்பதால் காற்று எளிதாக நுழைகிறது. ஆற ஆறக் கெட்டியாகி, நுழைந்த காற்றைத் தப்பவிடாமல் பிடிக்கிறது. சரியான நேரம், கிண்ணத்தின் அடியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பதும், கம்பியைத் தூக்கினால் நுரை நாடாவாக விழுந்து சில நொடி மடிப்பு கலையாமல் நிற்பதும். அதற்கு முன் நிறுத்தினால் குமிழிகள் மேலே ஏறி அடியில் பசை தங்கிவிடும். அதையும் தாண்டி அடித்தால் கம்பியிலேயே உறைய ஆரம்பித்து, பரப்ப வராமல் இழுபடும். மூன்று பங்கு சோள மாவுக்கு ஒரு பங்கு பொடித்த சர்க்கரை கலந்து தூவிய 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் கொட்டிச் சமன் செய்தால் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு வரும்.

குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும் மூடாமல் விட வேண்டும். ஜெலட்டின் உறைய ஆரம்பிப்பது சீக்கிரம். வலை முழு வலுவைப் பெறுவதற்குத்தான் நேரம் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து பிசுபிசுக்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம்தான் உண்மையான சிக்கல். தேனில் உள்ள ஃபிரக்டோஸ் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. வெட்டிய முகங்களில் எல்லாம் சோள மாவோ அரோரூட் மாவோ புரட்டி, உடனே காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும். மழைக்காலத்தில் செய்வதைத் தள்ளிவைப்பது இன்னும் நல்லது. தூத்துக்குடி மக்ரூனும் நுரைதான். ஆனால் அங்கே முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடித்து முந்திரித்தூள் கலந்து அடுப்பில் உலர்த்திவிடுகிறார்கள். புரதம் சூட்டில் இறுகிவிடுவதால் அது திரும்ப உருகாது, நொறுங்கும். மார்ஷ்மெல்லோ ஈரமாகவே இருந்து நிற்க வேண்டியிருக்கிறது.

பழச்சுவை சேர்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பச்சை அன்னாசிச் சாறு, பப்பாளிக் கூழ், இஞ்சிச் சாறு மூன்றும் ஜெலட்டினை உறையவே விடாது. அன்னாசியின் புரோமலைனும் பப்பாளியின் பப்பெயினும் புரதத்தை வெட்டும் நொதிகள். கறியை மெத்தென்று ஆக்கப் பப்பாளிக்காயைத் தேய்த்து வைக்கிறோமே, அதே வெட்டு இங்கே ஜெலட்டின் சங்கிலியின் மேல் விழுகிறது. சாற்றை முதலில் நன்றாகக் கொதிக்கவைத்தால் நொதி செயலிழக்கும், பிறகு தாராளமாகச் சேர்க்கலாம்.

செய்து முடித்த துண்டு ஒன்றை மைக்ரோவேவ் அடுப்பில் சில நொடிகள் வைத்துப் பார்க்கச் சொல்வேன், குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில். ஜெலட்டின் இளகுகிறது, உள்ளே இருக்கும் காற்றும் நீராவியும் விரிகின்றன, துண்டு பன்மடங்கு ஊதுகிறது. வெளியே எடுத்ததும் சுருங்கிப்போகும். சுழலும் தட்டை எடுத்துவிட்டு, ஒரு தட்டு நிறையத் துண்டுகளை நெருக்கி அடுக்கி வைத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் உருகுவதில்லை. சில இடங்கள் மட்டும் முதலில் உருகும். அடுத்தடுத்த இரு இடங்களின் தூரம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். அலையின் நீளத்தில் அது பாதி. இரட்டித்து, அடுப்பின் அதிர்வெண்ணான 245 கோடி ஹெர்ட்ஸால் பெருக்கினால் ஒளியின் வேகம், நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர், கையில் கிடைத்துவிடும்.

வீட்டில் செய்தது உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். பட்டியல் சுருங்கியது, என்ன தின்கிறோம் என்பது தெரிகிறது, சாயம் இல்லை; இவை உண்மையான நன்மைகள். ஆனால் சர்க்கரை சர்க்கரைதான். மேலே சொன்ன அளவில் தட்டை 64 துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 6 கிராம் சர்க்கரை. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டலில், சேர்க்கும் சர்க்கரையை நாளின் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்கிறது. 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. பெரியவர்களுக்கு அந்த 5 விழுக்காடு சுமார் 25 கிராம். நான்கு துண்டில் அது முடிந்துவிடும். தேனையும் அந்த நிறுவனம் இதே கணக்கில்தான் சேர்க்கிறது. ஜெலட்டின் புரதம் என்பதால் சத்து என்று சொல்பவர்கள் உண்டு. அதில் டிரிப்டோஃபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அறவே இல்லை, ஒரு துண்டில் இருப்பதும் கால் கிராமுக்குச் சற்று மேல்.

தேனைக் காய்ச்சினால் அதன் நொதிகள் அழிந்துவிடும். பச்சைத் தேனுக்கு உள்ள மருத்துவக் குணங்களை 115 டிகிரி தாண்டி வந்த பாகிடம் எதிர்பார்க்க முடியாது. இங்கே தேன் வருவது படிகத்தைத் தடுக்கவும் மணத்துக்காகவும். ஆனால் அந்தச் சூட்டில் அழியாதது ஒன்று உண்டு. தேனில் சில சமயம் இருக்கும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் பாக்டீரியாவின் வித்துகள் சாதாரணக் கொதிக்கு மசிவதில்லை. பெரியவர்களின் குடலில் அவை முளைக்க முடியாது, பச்சிளம் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும், காய்ச்சியதானாலும், கொடுக்கக்கூடாது. அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகளுக்கும் முழுத் துண்டாகக் கொடுக்காமல் பொடியாக நறுக்கித்தான் தர வேண்டும். மெத்தென்ற துண்டு தொண்டையில் அடைத்துக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம்.

சைவர்களுக்கு என்ன வழி? இந்தக் கேள்விக்கான விடை ஒரு நுண்ணுயிர் ஆய்வகத்தின் வழியாகவும் போகிறது. 1881இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் குழு பாக்டீரியாக்களைத் தனித்தனியாக வளர்க்க ஜெலட்டினைத்தான் தளமாகப் பயன்படுத்தியது. வாயில் உருகும் அதே குணம் அங்கே தொல்லையானது. மனித உடலின் நோய்க்கிருமிகளை வளர்க்க 37 டிகிரி வேண்டும்; அந்தச் சூட்டில் ஜெலட்டின் நீராகிவிடும். போதாக்குறைக்குச் சில பாக்டீரியாக்கள் அதைத் தின்றே கரைத்தன. குழுவிலிருந்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, வீட்டில் ஜெல்லி செய்யத் தான் பயன்படுத்தும் அகர் அகரைச் சொன்னார். முன்பு ஜாவாவில் வாழ்ந்திருந்த பக்கத்து வீட்டாரிடம் அவர் சிறு வயதில் நியூயார்க்கில் கற்றது அது. 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் எழுதிய கட்டுரையில் அகர் இடம்பெற்றது. ஃபேனியின் பெயர் இடம்பெறவில்லை. உலகின் ஒவ்வொரு மருத்துவ ஆய்வகத்திலும் இன்றும் இருக்கும் அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு சமையலறை இருக்கிறது என்பதை நம் பாடப்புத்தகங்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அகர் சிவப்புக் கடற்பாசிகளில் கிடைக்கும் பாலிசாக்கரைடு. நம் கடைகளில் கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் விற்பது இதுதான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நோன்பு திறக்கும்போது வைக்கும் கடல்பாசியும் இதுவே. இதன் பொருட்டு மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று அவர்கள் வழங்கும் பாசிகளிலிருந்து தமிழ்நாட்டு ஆலைகள் அகர் எடுக்கின்றன.

அகரின் விசித்திரம், அது உறைவது ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரியில், திரும்ப உருகுவதோ 85 டிகிரியில். ஆறும்போது அதன் சங்கிலிகள் பின்னிக்கொள்வதோடு நிற்காமல் கட்டுக்கட்டாகவும் சேர்ந்துவிடுவதால், பிரிக்க அவ்வளவு சூடு வேண்டியிருக்கிறது. ஆகவே அகர் மிட்டாய் வாயில் உருகாது, கடித்தால் வெட்டுப்படும். அதை மார்ஷ்மெல்லோவின் குறையுள்ள நகலாக நான் பார்ப்பதில்லை. ரஷ்யர்களின் செஃபிர் என்ற இனிப்பு ஆப்பிள் கூழ், முட்டை வெள்ளைக்கரு, அகர் கொண்டு செய்வது. அது தனக்கென்று ஓர் இனம். மே மாத வெயிலில் பொட்டலம் கட்டி ஊருக்கு எடுத்துப்போகவும் அகர் மிட்டாய்தான் தாங்கும்.

அகர் புரதம் அல்ல, குமிழிக்குத் தோலாகாது. அந்த வேலைக்கு வேறொருவர் வேண்டும். கொண்டைக்கடலை வேகவைத்த நீரைச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்து அடித்தால் முட்டை வெள்ளைக்கருவைப் போலவே நுரைக்கும். கடலையிலிருந்து இறங்கிய புரதமும் சபோனினும் அதில் இருக்கின்றன. அதை நுனி நிற்கும்வரை தனியே அடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு கிராம் அகர் தூளை 150 மில்லி நீரில் முதலில் தனியாக இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு முழுவதும் கரைக்க வேண்டும். சர்க்கரையைச் சேர்த்துவிட்டுக் கரைக்க முயன்றால், நீரைச் சர்க்கரையே பிடித்துக்கொள்வதால் அகர் திப்பி திப்பியாக நின்றுவிடும். கரைந்த பிறகு 300 கிராம் சர்க்கரை போட்டு 110 டிகிரி வரை காய்ச்சி, சூடாகவே நுரையில் தாரையாக ஊற்றி அடிக்க வேண்டும். தட்டை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். ஜெலட்டின் தரும் அவகாசத்தை அகர் தராது. கலவை 40 டிகிரியை நெருங்குவதற்குள் பரப்பி முடித்துவிட வேண்டும்.